சிக்கனம் என்னும் இசை: மினிட்மென் குழுவின் ஆறு ஆண்டுகள்

ராக் இசையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விற்பனைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுகின்றனர். எத்தனை லட்சம் இசைத்தட்டுகள் விற்றன, எத்தனை ஆயிரம் பேர் அரங்கில் திரண்டனர் என்பவையே அங்கு அளவுகோல்கள். அந்தக் கணக்கில் இடம்பெறாமல் போன குழுக்களுக்கும் வரலாறு உண்டு. 1980 சனவரியில் தோன்றி 1985 டிசம்பரில் முடிந்துபோன ‘மினிட்மென்’ அவற்றுள் ஒன்று. மூன்றே பேர், நான்கு முழுநீள இசைத்தட்டுகள், சில குறுந்தட்டுகள், பெரும்பாலும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாத பாடல்கள். இவ்வளவுதான் அக்குழுவின் சொத்து. ஆயினும், பணமில்லாதவர்கள் கலை செய்வது எப்படி என்ற கேள்வியை எதிர்கொள்ளும் எவரும் இவர்களைக் கடந்து போக முடியாது என்பது நம் கருத்து.

இவர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் ஒரு புனித வறுமையின் சாயல் அடிக்கடி படிந்துவிடுகிறது. ஏழைகள், நேர்மையானவர்கள், இளமையிலேயே ஒருவர் மறைந்தார் என்று கதை கண்ணீரில் முடிந்துவிடும். நாம் இங்கே பார்க்க விரும்புவது வேறொன்று. சிக்கனம் இவர்களுக்கு ஒரு விதியாக வந்தது. அதை இவர்கள் ஒரு முறைமையாக மாற்றிக்கொண்டார்கள். அந்த மாற்றம் நிகழ்ந்த விதமே இக்கட்டுரையின் பொருள்.

துறைமுகத்துப் பிள்ளைகள்

லாஸ் ஏஞ்சலஸ் என்றவுடன் நமக்கு ஹாலிவுட் நினைவுக்கு வருகிறது. அம்மாநகரின் தென்கோடியில், ஒரு ஒல்லியான நிலத்துண்டால் மட்டுமே நகரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் துறைமுகப் பகுதி சான் பெட்ரோ. தனி ஊராக இருந்த அதனை, துறைமுகத்தின் பொருட்டு 1909இல் லாஸ் ஏஞ்சலஸ் தன்னோடு இணைத்துக்கொண்டது. கப்பல் தொழிலாளரும் மீனவரும் கடற்படைக் குடும்பத்தினரும் வாழ்ந்த ஊர். 1923இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, நாவலாசிரியர் அப்டன் சின்க்ளேர் அவ்வூரின் லிபர்ட்டி ஹில் என்னும் மேட்டில் நின்று அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை வாசித்தார். அதற்காகவே கைது செய்யப்பட்டார். பின்னாளில் கவிஞர் சார்லஸ் புக்கோவ்ஸ்கி 1978 முதல் 1994இல் இறக்கும்வரை வாழ்ந்ததும் இங்குதான். இலக்கிய வாசகர்க்கு முற்றிலும் அந்நியமான ஊர் அன்று.

மைக் வாட் வர்ஜீனியா மாநிலத்தில் 1957இல் பிறந்தவர். தந்தை கடற்படைக் கப்பலின் இயந்திர அறையில் பணிபுரிந்தவர். அவருடைய பணியின் பொருட்டே குடும்பம் சான் பெட்ரோவுக்கு வந்தது. அங்குள்ள பெக் பூங்காவில் பதின்மூன்று வயதுச் சிறுவனாக வாட் நடந்து போய்க்கொண்டிருந்தபோது ஒரு மரத்திலிருந்து பருத்த சிறுவன் ஒருவன் அவர் முன்னே குதித்தான். போர் விளையாட்டில் தன் கூட்டாளி என்று எண்ணிக் குதித்தவன், ஆள் மாறிப்போனதைக் கண்டும் அசரவில்லை, பேசத் தொடங்கிவிட்டான். நகைச்சுவையும் கூர்மையுமாகக் கொட்டிய அப்பேச்சைக் கேட்டு, இப்படியொரு அறிவாளியா என்று வாட் வியந்தார். பேச்சின் பெரும்பகுதி ஜார்ஜ் கார்லின் என்ற மேடை நகைச்சுவைக் கலைஞரின் இசைத்தட்டிலிருந்து மனப்பாடம் செய்தது என்பது பின்னரே தெரிந்தது. அச்சிறுவன்தான் டென்னஸ் பூன். பின்னாளில் டி. பூன் என அறியப்பட்டவர்.

இரண்டாம் உலகப் போர்க்காலப் படைவீரர் குடியிருப்பாக இருந்து பொதுக் குடியிருப்பாக மாற்றப்பட்ட இடத்தில் பூனின் குடும்பம் வாழ்ந்தது. தெருவில் சுற்றித் திரியாமல் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று எண்ணிய பூனின் தாயார்தாம், நீங்கள் ஒரு இசைக்குழுவாகுங்கள் என்றார். மகன் கிதார் வாசிக்கட்டும், நண்பன் பாஸ் வாசிக்கட்டும் என்று பங்கும் பிரித்துக் கொடுத்தார். பாஸ் கிதார் என்பது எப்படி இருக்கும் என்பதே வாட்டுக்குத் தெரியாது. இசைத்தட்டு உறைகளில் நான்கு தந்திகள் தெரிந்தன. ஆகவே சாதாரணக் கிதாரில் இரண்டு தந்திகளைக் கழற்றிவிட்டு வாசிக்கத் தொடங்கினார். உண்மையான பாஸ் கிதாரைப் பின்னர்க் கண்டபோது அதன் தந்திகளின் கனத்தைப் பார்த்து மலைத்துப் போனார்.

அன்று இவர்கள் செய்ததெல்லாம் க்ரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல், ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் போன்ற குழுக்களின் பாடல்களை வாசித்துப் பார்ப்பதுதான். சொந்தமாகப் பாட்டு எழுதலாம் என்ற எண்ணமே எழவில்லை. பாடல் என்பது எங்கோ தொலைவில், பெரிய அரங்கின் ஒளிவெள்ளத்தில் நிற்கும் மனிதர்கள் செய்யும் செயல் என்றே நம்பியிருந்தார்கள். அந்நம்பிக்கையைக் கலைத்தது 1970களின் பிற்பகுதியில் வந்த பங்க் இசை. சிறு விடுதிகளில், கைக்கெட்டும் தூரத்தில், தம்மைப் போன்றவர்களே மேடையேறுவதை நேரில் கண்டார்கள். வாசிப்பில் குறையிருந்தாலும் பாட்டு அவர்களுடையதாக இருந்தது. பங்க் என்பது ஒரு பாணியன்று, ஓர் அனுமதி என்று இவர்கள் புரிந்துகொண்ட இடம் இதுவே. தலைமுடியையும் தோலுடையையும் பார்த்துப் பங்க் என்று மயங்கிய பலருக்குக் கிட்டாத தெளிவு இது.

ஏழு பாடல்கள், ஏழு நிமிடங்கள்

1978இல் பள்ளித்தோழர் மார்ட்டின் டாம்புரோவிச் பாட, ஜார்ஜ் ஹர்லி டிரம்ஸ் வாசிக்க, ‘ரியாக்‌ஷனரீஸ்’ என்ற குழு அமைந்தது, ஓராண்டில் கலைந்தது. பூனும் வாட்டும் 1980 தொடக்கத்தில் மினிட்மென் குழுவைத் தொடங்கினர். அவ்வாண்டின் நடுவில் ஹர்லியும் மீண்டும் வந்து சேர்ந்தார்.

பெயருக்கு இரு பொருள் உண்டு. அமெரிக்க விடுதலைப் போரில் ஒரு நிமிட அறிவிப்பில் ஆயுதமேந்தத் தயாராக இருந்த குடிப்படையினர் மினிட்மென் எனப்பட்டனர். 1960களில் அதே பெயரைத் தீவிர வலதுசாரி ஆயுதக் குழு ஒன்று சூட்டிக்கொண்டது. அதைக் கிண்டல் செய்வது ஒரு நோக்கம். உச்சரிப்பைச் சற்று மாற்றினால் அதே சொல் ‘மிகச் சிறிய மனிதர்கள்’ என்றும் பொருள்படும். பாடலின் நீளத்தால் வந்த பெயர் என்று பலரும் கருதினாலும், இந்தச் ‘சிறிய மனிதர்கள்’ என்ற பொருளே குழுவின் உள்ளத்துக்கு நெருக்கமானது எனலாம்.

அவர்களுடைய முதல் குறுந்தட்டு ‘பாரனாய்ட் டைம்’ 1980 டிசம்பரில் வெளிவந்தது. ஏழு பாடல்கள், மொத்தமும் ஏழு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அதை வெளியிட்டது எஸ்.எஸ்.டி. நிறுவனம். ‘பிளாக் ஃபிளாக்’ குழுவின் கிதார் கலைஞர் கிரெக் கின் சிறுவயதில் வானொலி உதிரிபாகங்களைத் தபாலில் விற்பதற்காகத் தொடங்கிய கடை அது. அதே பெயரில் இசைத்தட்டு நிறுவனமாக மாறியது. முதல் வெளியீடு பிளாக் ஃபிளாக்கினுடையது, இரண்டாவது மினிட்மென்னுடையது. 1981இல் வந்த ‘த பஞ்ச் லைன்’ முழுநீளத் தட்டு என்று பெயர். ஆனால் பதினெட்டுப் பாடல்களும் சேர்ந்து கால்மணி நேரம்தான்.

இக்குறுமைக்கு முன்மாதிரி ‘வயர்’ என்ற இங்கிலாந்துக் குழு. 1977இல் வந்த அவர்களுடைய முதல் தட்டில் 21 பாடல்கள் இருந்தன. சொல்ல வேண்டியது முடிந்தவுடன் பாட்டை நிறுத்திவிடலாம். பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டியதில்லை. கிதார் தனியாவர்த்தனம் கட்டாயமில்லை. இதை அவர்களிடமிருந்து கற்ற மினிட்மென், சுருங்கச் சொல்லல் என்னும் அழகைத் தம் வழியில் வளர்த்தெடுத்தனர். பங்க் குழுக்கள் பலவற்றின் குறும்பாடல்கள் வேகத்தால் குறுகியவை. இவர்களுடையவையோ உள்ளே ஃபங்க் தாளமும் ஜாஸ் திருப்பங்களும் கொண்டு செறிவால் குறுகியவை. இந்த வேறுபாட்டைக் கேட்ட மாத்திரத்தில் உணரலாம்.

இசைக்கருவிகளுக்கிடையேயான உறவிலும் இவர்களுக்கு ஒரு கொள்கை இருந்தது. ராக் இசையில் கிதாரே அரசன். பாஸ் கிதார் பின்னணியில் பணிந்து நிற்கும். பூன் தம் கிதாரின் கீழ்சுருதி ஒலிகளை வேண்டுமென்றே குறைத்து, கூரிய மேல்சுருதி ஒலிகளை மட்டும் வைத்துக்கொண்டார். அவ்வாறு காலியான இடத்தில் பாஸும் டிரம்ஸும் தலைநிமிர்ந்து பேசின. அரசியலில் பேசும் சமத்துவம் ஒலியிலும் இருக்க வேண்டும் என்பது பூனின் எண்ணம். கொள்கையைப் பாட்டின் சொற்களில் வைப்பது எளிது. ஒலியின் அமைப்பில் வைத்தவர் சிலரே.

‘எக்கானோ’

இனிச் சிக்கனத்துக்கு வருவோம். இவர்களுக்குள் புழங்கிய குழூஉக்குறிகளுள் தலையாயது ‘எக்கானோ’. எக்கானமி என்பதன் சுருக்கம். இசைக்குழுக்கள் பயணம் செய்யும் எக்கனோலைன் என்ற வேன் வண்டியின் பெயரையும் நினைவூட்டுவது. வணிகத்தனமானதற்கு ‘மெர்ஷ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எக்கானோவின் நடைமுறைகள் சுவையானவை. ஒலிப்பதிவுக் கூடத்தில் நள்ளிரவுக்குப் பின் வாடகை குறைவு. ஆகவே நள்ளிரவுக்குப் பின் பதிவு செய்தனர். புது ஒலிநாடா விலை அதிகம். ஆகவே பயன்படுத்திய நாடாவை வாங்கினர். பதிவு செய்தபின் பாடல்களை வரிசைப்படுத்தி வெட்டி ஒட்டக் காசு ஆகும். ஆகவே தட்டில் வரவேண்டிய வரிசையிலேயே பாடல்களை வாசித்துவிட்டனர். சாமான்களைத் தாமே ஏற்றி இறக்கினர். வேலையை விட்டுவிடவில்லை, வேலைநேரம் போக மீந்த நேரத்தில் குழு நடத்தினர். ‘பஸ் ஆர் ஹவுல்’ என்ற 1983ஆம் ஆண்டுத் தட்டின் பெரும்பகுதி ஐம்பது டாலரில் பதிவானது.

உலகில் இரண்டே பொருள்கள் உண்டு, ஒன்று துண்டறிக்கை, மற்றொன்று கச்சேரி என்று வாட் சொல்வதுண்டு. கச்சேரியைத் தவிர மற்றவையெல்லாம், இசைத்தட்டும் நேர்காணலும் உட்பட, மக்களைக் கச்சேரிக்கு அழைக்கும் துண்டறிக்கைகளே. பெரிய நிறுவனங்கள் தட்டை விற்பதற்காகக் கச்சேரி செய்யச் சொல்லும்; இவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். தட்டு வெறும் துண்டறிக்கை என்றால் அதற்குப் பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை. செலவில்லை என்றால் கடன் இல்லை. கடன் இல்லை என்றால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த தட்டில் நினைத்ததைச் செய்யலாம். சிக்கனம் இங்கே துறவன்று, சுதந்திரத்துக்கான கணக்கு.

தம் சுதந்திரத்தோடு இவர்கள் நின்றுவிடவும் இல்லை. 1980இல் டாம்புரோவிச்சுடன் சேர்ந்து ‘நியூ அலையன்ஸ்’ என்ற சொந்த வெளியீட்டகத்தைத் தொடங்கினர். மினியாபோலிஸ் நகரின் ‘ஹஸ்கர் டூ’ குழுவின் முதல் முழுநீளத் தட்டும், ‘டிசெண்டண்ட்ஸ்’ குழுவினுடையதும் 1982இல் அதன் வழியாகவே வெளிவந்தன. பூன் ‘த ப்ரோல்’ என்ற பெயரில் ஒரு கையடக்கச் சிற்றிதழ் நடத்தினார். அரசியல் கட்டுரைகளை அவர் எழுத, இசைத்தட்டு மதிப்புரைகளை வாட் எழுதினார். ஆறு இதழோடு நின்றது. உள்ளூர் அரங்கொன்றில் பூன் கச்சேரிகள் ஏற்பாடு செய்தபோது மாலையிலேயே தொடங்கி விரைவில் முடித்துவிடுவார். மறுநாள் காலை வேலைக்குச் செல்ல வேண்டியவர்களும் வரவேண்டும் என்பதற்காக. இவருடைய அரசியல் எத்தகையது என்பதற்கு எல் சால்வடோர் பற்றிய பாடல்களைவிட இந்தக் கச்சேரி நேரமே சிறந்த சான்று என்று நாம் கருதுகிறோம்.

ஐம்பத்தைந்து மைல் வேகம்

1983 நவம்பரில் ஒரு தட்டுக்குரிய பாடல்களை இவர்கள் பதிவு செய்து முடித்திருந்தார்கள். அந்நேரத்தில் ஹஸ்கர் டூ குழுவினர் ‘ஜென் ஆர்கேட்’ என்ற இரட்டைத் தட்டைப் பதிவு செய்த செய்தி வந்தது. நண்பர்கள் இரட்டைத் தட்டு செய்தால் நாமும் செய்வோம் என்று மேலும் பாடல்களை எழுதி, 1984 ஏப்ரலில் பதிவு செய்தனர். 1984 சூலையில் இரு தட்டுகளையும் எஸ்.எஸ்.டி. வெளியிட்டது. மினிட்மென் வெளியிட்டது ‘டபுள் நிக்கல்ஸ் ஆன் த டைம்’. நான்கு பக்கங்களில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள். ஒலிக்கலவை ஒரே இரவில் முடிந்தது. மொத்தச் செலவு ஏறத்தாழ 1,100 டாலர்.

பெயரின் வேடிக்கையைச் சற்று விளக்க வேண்டும். நிக்கல் ஐந்து சென்ட் நாணயம்; இரண்டு நிக்கல் என்பது வாகன ஓட்டிகளின் கொச்சையில் ஐம்பத்தைந்து. டைம் பத்து சென்ட் நாணயம். இங்கே பத்தாம் எண் நெடுஞ்சாலை. 1974 முதல் அமெரிக்கா முழுவதும் மணிக்கு 55 மைலே உச்ச வேகம் என்று சட்டம் இருந்தது. ‘என்னால் ஐம்பத்தைந்தில் ஓட்ட முடியாது’ என்று சாமி ஹாகர் என்ற பிரபல ராக் பாடகர் அக்காலத்தில் பாட்டே பாடினார். வண்டியில் வேகம் காட்டி இசையில் பத்திரமாக இருப்பவர்கள் இருக்கட்டும். நாங்கள் வண்டியைப் பத்திரமாக ஓட்டி இசையில் துணிவு காட்டுகிறோம் என்பதே இத்தலைப்பின் பதில். அட்டைப்படத்தில் வாட் தம் வோக்ஸ்வேகன் காரை ஓட்டுகிறார். வேகமானியின் முள் ஐம்பத்தைந்தில் நிற்கிறது. முன்கண்ணாடி வழியே சான் பெட்ரோ என்ற வழிகாட்டிப் பலகை தெரிகிறது. வணிக வெற்றியை நாடியிருந்தால் யாருக்கும் எளிதில் புரியாத இந்த நகைச்சுவையைத் தலைப்பாக வைத்திருக்க மாட்டார்கள்.

மூவரும் ஆளுக்கொரு பக்கத்துக்குப் பாடல்களைத் தேர்ந்தனர். மீந்தவை நான்காம் பக்கம். அதற்குப் ‘பதர்’ என்றே பெயரிட்டனர். அக்காலத்தில் ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ நாவலில் ஆழ்ந்திருந்த வாட், அந்நாவல் நிகழும் நாளான சூன் 16ஐயே ஒரு பாடலுக்குப் பெயராக வைத்தார். வாட்டின் சொற்கள் நனவோடை போன்றவை. பூனின் சொற்கள் நேரடியானவை. ‘திஸ் எயின்ட் நோ பிக்னிக்’ பூனின் சொந்த அனுபவம். அவர் வேலை பார்த்த வாகன உதிரிபாகக் கடையின் மேலாளர், கறுப்பர் இசையை ஒலிபரப்பும் வானொலியைக் கேட்க விடவில்லை. அந்தக் கோபம் பாட்டாயிற்று. ‘கொரோனா’ என்ற பாடல், மெக்சிகோக் கடற்கரையில் காலிப் பீர்ப் புட்டிகளைப் பொறுக்கிய ஏழைப் பெண்ணைக் கண்டதில் பிறந்தது. 2000இல் தொடங்கிய எம்.டிவியின் ‘ஜாக்கஸ்’ என்ற குறும்புத்தன நிகழ்ச்சிக்கு முகப்பிசையாகி, மினிட்மென் பெயரையே அறியாத லட்சக்கணக்கானோர் காதுகளில் அது ஒலித்தது. வறுமையைக் கண்டு எழுதிய இசை, விழுந்து அடிபடும் வேடிக்கைக்குப் பின்னணியானது வரலாற்றின் விந்தை.

இத்தட்டிலேயே குழுவின் கதையைக் கூறும் மெல்லிய பாடலொன்றும் உண்டு. பங்க் இசை தம் வாழ்வை மாற்றியதையும், பூன்–வாட் நட்பையும் அது சொல்கிறது. மைக்கேல் அஸெராட் அமெரிக்கச் சுதந்திர ராக் குழுக்களைப் பற்றி 2001இல் எழுதிய நூலுக்குத் தலைப்பைக் கொடுத்ததும் இப்பாடலின் தொடக்கமே. பதின்மூன்று குழுக்களின் வரலாற்றுக்கு இவர்களுடைய சொற்கள் பெயராக அமைந்தன.

பாதியில் நின்றது

1985இல் இவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ‘ப்ராஜெக்ட்: மெர்ஷ்’ என்ற தட்டில் பாடல்களை நீட்டினர், பல்லவி வைத்தனர், டிரம்பெட் சேர்த்தனர். வணிக இசையைக் கேலி செய்வது ஒரு பாதி. தம்மாலும் அது முடியுமா என்று பார்ப்பது மறுபாதி. அட்டைக்குப் பூனே ஓவியம் தீட்டினார். இசைத்தட்டு நிறுவன அதிகாரிகள் மேசையைச் சுற்றி அமர்ந்து விற்பனை உத்தி பேசும் காட்சி. விற்பனையில் இத்தட்டு முந்தைய இரட்டைத் தட்டை எட்டவில்லை.

இந்த இடத்தில்தான் நம் கேள்வி கூர்மை பெறுகிறது. சிக்கனத்தின் வழியே வந்த சுதந்திரம் எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும்? நண்பர்களான ஹஸ்கர் டூ குழுவினர் பெருநிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட காலம் அது. மினிட்மென் என்ன செய்திருப்பார்கள் என்பதற்கு விடை கிடைக்கவில்லை. 1985 டிசம்பரில் ஆர்.ஈ.எம். குழுவின் பயணத்தில் முன்கச்சேரி வாசிக்கும் வாய்ப்பு வந்தது. வட கரோலினாவின் சார்லட் நகரில் டிசம்பர் 13 அன்று வாசித்ததே கடைசி. ஊர் திரும்பிய பின், சிறுவயதில் இவர்கள் போற்றிய ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட்டுக்குப் பாடல் எழுதியவரான விமர்சகர் ரிச்சர்ட் மெல்ட்சர் இவர்களுக்காக எழுதிக் கொடுத்த வரிகளை வாட் பூனிடம் சேர்த்தார். பூன் காய்ச்சலில் இருந்தார்.

டிசம்பர் 22 அன்று அரிசோனா பாலைவனத்தில், பத்தாம் எண் நெடுஞ்சாலையில், பூன் சென்ற வேன் சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. காய்ச்சலால் பின்புறம் படுத்திருந்த அவர் தூக்கி எறியப்பட்டு இறந்தார். வயது 27. தட்டின் தலைப்பில் நகைச்சுவையாக வந்த அதே நெடுஞ்சாலை. இதிலிருந்து பொருள் எதையும் வருவிக்க நாம் விரும்பவில்லை, விபத்து விபத்துதான்.

வாட் இசையை விட்டுவிடவே எண்ணினார். சோனிக் யூத் குழுவினர் 1986இல் தம் தட்டில் வாசிக்க அவரை அழைத்தனர். ஓஹையோவைச் சேர்ந்த எட் கிராஃபோர்ட் என்ற இளம் ரசிகர், கிதார் கலைஞர் தேடுகிறார்கள் என்ற பொய்ச்செய்தியை நம்பி, தொலைபேசிப் புத்தகத்தில் வாட்டின் எண்ணைக் கண்டு அழைத்தார். பிறகு நேரிலேயே வந்துவிட்டார். அவருடன் வாட்டும் ஹர்லியும் அமைத்த ‘ஃபயர்ஹோஸ்’ 1994 வரை நடந்தது. 1997இல் தந்தையின் கப்பல் வாழ்வையும் மினிட்மென்னின் கதையையும் ஒன்றாகப் பின்னி ஒரு தட்டு முழுவதையும் வாட் எழுதினார். தம் ஆக்கங்களைப் பூனுக்கே அவர் காணிக்கையாக்கி வருகிறார்.

2005இல் டிம் இர்வின் இயக்கிய ‘வீ ஜாம் எக்கானோ’ ஆவணப்படம் சான் பெட்ரோவின் வார்னர் கிராண்ட் அரங்கில் முதலில் திரையிடப்பட்டது. அப்படத்துக்காகப் பழைய பாடல்களைத் திரும்பக் கேட்க நேர்ந்த வாட்டுக்கு, கைவிட்டுவிட்ட குறும்பாடல் வடிவின்மேல் மீண்டும் நாட்டம் வந்தது. விளைவு, ‘ஹைஃபனேட்டட் மேன்’; அமெரிக்காவில் 2011இல் வெளிவந்த அத்தட்டில் முப்பது குறும்பாடல்கள். அவற்றை அவர் இயற்றியது பூன் விட்டுச்சென்ற டெலிகாஸ்டர் கிதாரில்.

மினிட்மென் பற்றிப் பேசுவோர் அவர்கள் எவ்வளவு குறைவான பணத்தில் வாழ்ந்தார்கள் என்பதையே வியக்கிறார்கள். குறைந்த பணம் உலகில் அரிய பொருளன்று. அதை வைத்துக்கொண்டு தம் நேரத்துக்கும் ஒலிக்கும் தாமே உரிமையாளராக இருந்ததும், பக்கத்து ஊர்க் குழுவுக்கும் அந்த உரிமையைப் பெற்றுத் தந்ததும்தான் அரியவை. ஆங்கிலம் தெரியாதவருக்கும் அந்த மூன்று கருவிகளின் உரையாடல் கேட்கும். புதிதாகக் கேட்கத் தொடங்குவோர் ‘டபுள் நிக்கல்ஸ்’ தட்டின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கலாம். பாஸ் ஒலிக்கும் இடத்தில் கிதார் எப்படி ஒதுங்கி நிற்கிறது என்பதைக் கவனித்தால் போதும். மற்றவை தாமே விளங்கும்.